காலவரையற்ற விடுமுறை

1965ஆம் ஆண்டில் சங்கரன்கோவிலில் கல்லூரி கிடையாது. பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோவில் என்று வழங்கிய அவ்வூர், சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் கைத்தறி நெசவாலும் அறியப்பட்டதாய், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியில் ஒரு தாலுகாத் தலைநகராக இருந்தது. பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டிப் படிக்க நினைத்த பிள்ளைகள் தெற்கே பாளையங்கோட்டைக்கோ வடக்கே மதுரைக்கோ போனார்கள். பணமும் மதிப்பெண்ணும் கூடி வந்தவர்கள் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் போனார்கள். ஆகவே கல்லூரி என்பது அவ்வூர்க் குடும்பங்களுக்குத் தெருக்கோடியில் நிற்கும் கட்டடமாக இல்லாமல், மாதம் ஒருமுறை மணியார்டர் போய்ச் சேரும் ஒரு விடுதி முகவரியாகவே இருந்தது. ஒரு வளாகத்தில் நேர்ந்த சாவுக்கு மற்ற வளாகங்கள் எவ்வாறு எதிர்வினை ஆற்றின என்னும் வரலாற்றைக் கல்லூரி நகரங்களில் நின்று பார்ப்பதே வழக்கம். கல்லூரியில்லாத இத்தகைய ஊரில் நின்று பார்க்கும்போது, அந்த எதிர்வினையை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் மாணவர் சங்கங்களுக்கு இருந்த பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு, அதை அடக்குவதற்காக அரசு பிறப்பித்த விடுமுறை ஆணைக்கும் இருந்தது புலப்படுகிறது.

இந்த வரலாற்றின் மையமாக நிற்பது 1965 ஜனவரி 27ஆம் நாள். இந்திய அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, 1950 ஜனவரி 26 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் ஆட்சிமொழியாக நீடிக்க இடமளித்து, அதன்பின் இந்தியே ஒன்றிய அரசின் ஆட்சிமொழி என்று வகுத்திருந்தது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அத்தவணைக்குப் பின்னும் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றதே தவிர, 'தொடர வேண்டும்' என்று சொல்லவில்லை. இந்த ஒற்றைச் சொல்லின் நெகிழ்ச்சியில்தான் தமிழக மாணவரின் அச்சம் முழுவதும் அடங்கியிருந்தது. மத்திய அரசு வேலைக்கான தேர்வுகள் இந்திக்கு மாறினால் தாங்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவோம் என்று அவர்கள் கருதினர். குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கத் திராவிட முன்னேற்றக் கழகம் அறைகூவல் விடுத்தது. கல்லூரி மாணவர் பேரவைகளின் தலைவர்கள் கூடித் தமிழ்நாடு மாணவர் இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழுவை அமைத்திருந்தனர். ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ் தொண்டர்களுக்கும் இடையே மூண்ட மோதல் கலவரமாகி மற்ற ஊர்களுக்கும் பரவியது. இரண்டு நாள் கழித்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிதம்பரத்தில் நடத்திய ஊர்வலத்தின்மீது காவல்துறை சுட்டதில், சிவகங்கையைச் சேர்ந்த ராஜேந்திரன் என்னும் மாணவர் உயிரிழந்தார்.

இச்சாவு எந்த வளாகத்தில் நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1929இல் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் உருவான அப்பல்கலைக்கழகம் உறைவிடப் பல்கலைக்கழகம். அதாவது, பல ஊர்க் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்துவதோடு நின்றுவிடாமல், மாணவரை ஒரே வளாகத்தில் தங்கவைத்துக் கற்பிக்கும் நிறுவனம். நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்து அரசியலுக்கு வந்த இடமும் அதுவே. மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து தங்கியிருந்தமையால், சிதம்பரத்தில் விழுந்த குண்டு எந்த மாவட்டத்துக்கும் அயலூர்ச் செய்தியாக இருக்கவில்லை. பாளையங்கோட்டை விடுதியில் இருந்த மாணவனுக்கும் மதுரை விடுதியில் இருந்தவனுக்கும் பள்ளியில் உடன்படித்த ஒருவனோ உறவுக்காரப் பையன் ஒருவனோ அங்கே இருக்கக்கூடும். இறந்தவனின் பெயர் உறுதியாகும் வரை ஒவ்வொரு விடுதியிலும் அந்தக் கலக்கம் இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

மறுநாள், ஜனவரி 28 அன்று, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் மற்றக் கல்லூரிகள், பள்ளிகளிலும் வகுப்புகள் காலவரையின்றி நிறுத்தப்பட்டன. 'மறு அறிவிப்பு வரும் வரை' என்ற தொடரோடு முடியும் இவ்வகை ஆணை தமிழகக் கல்லூரி நிருவாகத்தின் நிலைத்த கருவிகளுள் ஒன்று. அதன் செயல்முறை எளியது: அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும், மெஸ் எனப்படும் விடுதி உணவுக்கூடம் மூடப்படும், சோறு இல்லாத விடுதியில் எவரும் தங்க முடியாதாகையால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அறைகள் காலியாகும். கூட்டமாக இருப்பவரைக் கலைத்துவிட்டால் கோபமும் கலையும் என்பது ஆள்வோரின் கணக்கு. தடியடியோடு ஒப்பிட்டால் இது மென்மையான வழி என்றும், உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் வழி என்றும் அவர்கள் வாதிடக்கூடும்; அவ்வாதத்தில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் கலைக்கப்பட்ட மாணவன் காணாமல் போவதில்லை, ஊருக்குப் போகிறான். சிதம்பரத்திலிருந்து மாயவரம், திருச்சி, மதுரை வழியாக விருதுநகர் வரையிலும், அங்கிருந்து பிரிந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று செங்கோட்டை நோக்கிச் செல்லும் கிளையிலும் அன்று ஓடியவை மீட்டர்கேஜ் வண்டிகள். ஒரு விடுதி காலியானால் அதன் மாணவர்கள் இத்தகைய தடங்களில் நிலையத்துக்கு இருவர் மூவராக டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக இறங்குவார்கள். நாளிதழ்களில் வந்த செய்தி அரசுத் தரப்பைத் தழுவியதாகவும் சுருங்கியதாகவும் இருக்க, இறங்கியவன் வாய்மொழி நேரில் கண்டதாகவோ கண்டவரிடம் கேட்டதாகவோ இருந்தது. தேர்வு மாதம் நெருங்கும் வேளையில் பிள்ளை எதற்காக வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று கேட்ட அண்டை அயலார் ஒவ்வொருவருக்கும் அதே கதை சொல்லப்பட்டது. நகரத்து வளாகங்களுக்குள் அடைபட்டிருக்க வேண்டிய ஒரு செய்தியைச் சிற்றூர்த் தேநீர்க்கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்க அரசு இதைவிடச் சிறந்த ஏற்பாடு செய்திருக்க முடியாது.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் போராட்டம் முன்னைவிடக் கடுமையாக வெடித்ததற்கு இதுவே முழுக் காரணம் என்று கூறுவது மிகை. இந்தியை வற்புறுத்திய வடநாட்டுத் தலைவர்களின் பேச்சுகளும், முதல்வர் பக்தவத்சலத்தின் விட்டுக்கொடாத போக்கும், தி.மு.க.வின் கிளை அமைப்புகளும் அதில் பங்கு வகித்தன. ஆயினும் ஜனவரியில் பெரும்பாலும் மாணவர் கைகளில் இருந்த கிளர்ச்சி, பிப்ரவரி 10 முதல் 12 வரையிலான நாள்களில் கல்லூரியில்லாத ஊர்களிலும் தெருவுக்கு வந்ததைக் காணும்போது, இடைப்பட்ட விடுமுறை வாரங்களை ஒதுக்கிவிட முடியவில்லை. அந்நாள்கள் பெருமைக்குரியவையாக மட்டும் இருக்கவில்லை: திருப்பூரில் இரண்டு காவல் உதவி ஆய்வாளர்கள் கூட்டத்தால் எரித்துக் கொல்லப்பட்டனர், பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர், இராணுவம் வரவழைக்கப்பட்டது. அரசுக் கணக்கில் மொத்தச் சாவு ஏறத்தாழ எழுபது. மக்கள் வாய்மொழிக் கணக்கு அதைப்போலப் பல மடங்கு. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்த பிப்ரவரி 11ஆம் நாளிலேயே பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். மாணவர் மீதான வழக்குகள் மார்ச்சு முதற்பகுதியில் திரும்பப் பெறப்பட்டன. மார்ச்சு 14 அன்று போராட்டக் குழு கிளர்ச்சியைக் கைவிட்டது. அதற்கு மறுநாள், மாயவரத்தில் ஏ.வி.சி. கல்லூரி மாணவர் சாரங்கபாணி தீக்குளித்து மாண்டார். குழுக்கள் ஒரு தேதியில் தொடங்கி ஒரு தேதியில் முடித்துவைக்கும் துயரம், தனியொருவர் மனத்தில் அந்தத் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை.

மாணவர்கள் கையாண்ட துக்க வடிவங்கள் கல்லூரிக்குள் பிறந்தவை அல்ல. 1939இல், முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் உடல்கள் சென்னையில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டு மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்யப்பட்டபோதே, அரசியல் சாவுக்குரிய தமிழகச் சடங்கு ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது: முன்னே படம், பின்னே அணிவகுப்பு, முடிவில் இரங்கல் கூட்டம். கல்லூரி மாணவர்கள் இதனோடு மூன்றைச் சேர்த்துக்கொண்டனர். ஒன்று வகுப்புப் புறக்கணிப்பு; பேச்சுவழக்கில் 'ஸ்டிரைக்' என்றே சொல்லப்படும் இது, தொழிற்சங்கச் சொல்லாக இருந்தும், ஊதியம் எதையும் இழக்காத மாணவன் தன்னிடமுள்ள ஒரே பொருளாகிய வருகைப் பதிவை இழக்க முன்வருவதைக் குறித்தது. மற்றொன்று கறுப்புப் பட்டை, அதாவது 'பேட்ஜ்': விரல் நீளக் கறுப்புத் துணித் துண்டும் ஒரு குண்டூசியும் போதும், பேராசிரியரும் அதைக் குத்திக்கொண்டு பாடம் நடத்தலாம், எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அது போதாது. மூன்றாவது மௌன ஊர்வலம். முழக்கம் எழுப்பாமல் வரிசையாக நடக்கும் இவ்வடிவத்தைக் கல்லூரி முதல்வர்கள் பெரிதும் விரும்பினர், காவல்துறையின் அனுமதியும் எளிதில் கிடைத்தது. துணியும் குண்டூசியும் அச்சமும் தயக்கமும் உள்ளவர்களுக்கான வழி. ஸ்டிரைக் துணிந்தவர்களுக்கான வழி. ஒரே வளாகத்தில் இரண்டும் ஒருசேர நடப்பதே வழக்கமாயிற்று.

துயரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் எல்லாம் துயரத்திலேயே முடிந்தது என்று எழுதுவது நேர்மையாகாது. வாயிலில் இரண்டு நிமிடம் மௌனம் காத்துவிட்டு நேரே திரையரங்கின் பகல்காட்சிக்கு நடந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். 'லீவு விட்டாச்சு' என்ற குரலில் இரங்கலைவிட மகிழ்ச்சி தூக்கலாக இருந்ததைப் பழைய மாணவர்கள் எவரும் மறுக்கமாட்டார்கள். அதற்காக அந்த மௌனத்தைப் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. பதினெட்டு வயதில் துக்கமும் விடுதலையுணர்வும் ஒரே பகலில் அமையக்கூடியவையே.

வேறு நாடுகளிலும் இதற்கு இணைகள் உண்டு. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்கமொழிக்காகக் கிளர்ந்த மாணவர்கள் சுடப்பட்டதும், அந்நாளையே யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்ததும் தமிழ் வாசகர் அறிந்தவை. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் தேசியக் காவற்படையால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் வேலைநிறுத்தத்தால் மூடப்பட்டன. அங்கே வாயிலை அடைத்ததில் மாணவரின் கையே ஓங்கியிருந்தது. தமிழகத்தில் பெரும்பாலும் அரசு அடைத்தது. ஒரு மூடல் எதிர்ப்பாகவும் மற்றொன்று தடுப்பாகவும் தொடங்கினாலும், ஊர் திரும்பிய மாணவன் வீட்டில் பேசியது இரண்டிடத்திலும் ஒன்றாகவே இருந்தது.

1967 தேர்தலில் 1965 கிளர்ச்சியின் விளைவு வெளிப்பட்டது. விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன், 1965 போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவர். சங்கரன்கோவிலை அடுத்த கலிங்கப்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரிக்கும் பின் சென்னைக்கும் படிக்கப் போன வை. கோபால்சாமி, பிற்காலத்தில் வைகோ என அறியப்பட்டவர், அரசியலுக்கு வந்ததும் அந்தப் பத்தாண்டின் மாணவர் மேடைகள் வழியாகவே. ஆட்சிமொழிச் சட்டம் 1967 இறுதியில் திருத்தப்பட்டது; 1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மாணவர் சாவு ஆட்சியை மாற்றியது என்று எளிமைப்படுத்திச் சொல்வோர் உண்டு. 1960களின் அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் அம்மாற்றத்தில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஆட்சி தி.மு.க. கைக்கு மாறியபின்னும் வளாகமும் காவல்துறையும் நட்புக்கொள்ளவில்லை. மாணவர் தோளில் ஏறி வந்த கட்சியின் ஆட்சியிலேயே, 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உதயகுமார் என்னும் மாணவரின் சாவு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சங்கரன்கோவிலுக்கு இன்னும் அருகில், 1972இல், மாணவர் ஊர்வலம் ஒன்றின்மீது காவல்துறை தடியடி நடத்தியபோது தூய சவேரியார் கல்லூரி மாணவர் லூர்துநாதன் தாமிரபரணியில் விழுந்து இறந்தார். நெல்லைச் சீமைக்கு இது இரவல் துயரமன்று. சிதம்பரம் பெரும்பாலோர் பெயரால் மட்டும் அறிந்த இடம்; தாமிரபரணிப் பாலமோ சங்கரன்கோவில் பேருந்தில் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போன எவரும் கடந்த பாலம், அதன் கீழே ஓடுவது அவர்கள் கோடையில் குளித்த ஆறு. லூர்துநாதனுக்குப் பாளையங்கோட்டையில் சிலை எழுந்தது. அண்ணாமலை நகரில் ராஜேந்திரனுக்கு எழுந்ததைப் போலவே. இன்று லூர்துநாதன் சிலை பலருக்கு இடம் சொல்ல உதவும் அடையாளம் மட்டுமே, நின்றிருக்கும் இளைஞன் யார் என்று கேட்பவர் குறைவு.

இதற்குள் சங்கரன்கோவில் வட்டாரத்துக்கும் கல்லூரி வந்துவிட்டது. பி. கே. மூக்கையாத் தேவரின் முயற்சியால் உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் ஆகிய மூன்று ஊர்களில் தொடங்கப்பெற்ற பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிகளுள் மேலநீலிதநல்லூர்க் கல்லூரி சங்கரன்கோவிலை ஒட்டியது. நெசவாளர் வீட்டிலிருந்தும் மானாவாரி விவசாயி வீட்டிலிருந்தும் பிள்ளைகள் காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பும் கல்லூரி இது. இத்தகைய வளாகத்தில் விடுமுறை ஆணையின் இயல்பே மாறிவிடுகிறது. ஆணை வருமுன்னரே மாணவன் ஒவ்வொரு மாலையும் செய்தியோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறான். ஊரை விட்டு அவனைக் கலைத்து அனுப்ப வேறு இடமில்லை.

2000 பிப்ரவரி 2ஆம் நாள் நிகழ்ந்தது வேறு வகைக் கொடுமை. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் அ.இ.அ.தி.மு.க. பொதுச்செயலாளர் ஜெயலலிதாவுக்குச் சென்னைத் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அத்தண்டனையை உயர் நீதிமன்றம் பின்னாளில் நீக்கியது. தீர்ப்பு வெளியான அன்று அக்கட்சியினர் நடத்திய கலவரத்தில், தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரை ஏற்றிவந்த பேருந்துக்குத் தீவைக்கப்பட்டது. அவர்கள் ஊர்வலம் போனவர்கள் அல்லர், எந்தக் கொடியும் பிடித்தவர்கள் அல்லர். வேளாண்மைப் பட்டப்படிப்பில் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக அமைந்த கல்விச் சுற்றுலாவிலிருந்தவர்கள். உடன்வந்த மாணவர்கள் சன்னல்களை உடைத்துத் தோழியரை வெளியே இழுத்துப் போட்டும் மூவர் உள்ளேயே எரிந்து மாண்டனர்.

மாநிலம் முழுவதும் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர். ஊர்வலமும் மறியலும் நடந்தன. வடிவங்கள் பழையவை, எதிரில் நின்றவர் மட்டும் புதியவர். 1965இல் சாவுக்குப் பொறுப்பான அரசை நோக்கி ஒரு கோரிக்கையை வைக்க முடிந்தது, அதற்கு விடையாக ஒரு வானொலி உரையும் ஒரு சட்டத் திருத்தமும் வந்தன. 2000இலோ, தலைவர்பால் கொண்ட விசுவாசத்தைத் தீயால் மெய்ப்பித்த கட்சிக்காரர்களிடம் கேட்கத்தக்க கோரிக்கை எதுவும் இருக்கவில்லை. குற்றவாளிகளுக்குத் தண்டனை என்பதைத் தவிர மாணவர்களால் எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. முதல் தலைமுறையாகப் பெண்பிள்ளைகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தொடங்கியிருந்த சங்கரன்கோவில் போன்ற வட்டாரத்தில் இச்செய்தி தட்டிய இடம் வேறு. கல்லூரிக்கு அனுப்புவதா என்று பல ஆண்டு விவாதித்து இசைந்த வீடுகளில், சுற்றுலாவுக்கு ஒப்புதல் கேட்டுத் தந்தையின் கையெழுத்துக்காக நீட்டப்படும் தாள் அந்த பிப்ரவரிக்குப் பிறகு வெறும் தாளாக இருந்திருக்க முடியாது.

நீதி அதன் நடையில் நடந்தது. பேருந்தை எரித்த வழக்கில் குற்றவாளிகள் மூவருக்குச் சேலம் அமர்வு நீதிமன்றம் 2007இல் மரண தண்டனை விதித்தது; அதை உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதிசெய்து, 2016இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது; எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய கைதிகள் விடுதலையில் 2018 நவம்பரில் அவர்கள் சிறையைவிட்டு வெளியேறினர். அதற்குள், 2000இல் தெருவில் இறங்கிய மாணவர்கள் நடுவயதை எட்டியிருந்தனர். ஒரு வளாகத்தின் துயரத்துக்காக மற்றொரு வளாகம் காட்டும் ஒருமைப்பாட்டின் பெருங்குறை இதுதான்: மாணவப் பருவம் மூன்றாண்டு, வழக்குக்கு வயது பதினெட்டு. தொடங்கியவர் எவரும் முடியும்வரை மாணவராக இருப்பதில்லை.

விடுமுறை ஆணை மட்டும் தலைமுறை தாண்டி நீடிக்கிறது. 2013 மார்ச்சில் ஈழத்தமிழருக்காக இலயோலாக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாநிலை மற்றக் கல்லூரிகளுக்குப் பரவியபோதும், அரசு கல்லூரிகளை மூடியது. அப்போது செய்தி பயணம் செய்ய ரயிலும் தேவைப்படவில்லை, டிரங்குப் பெட்டியும் தேவைப்படவில்லை. சட்டைப்பையில் இருந்த கைபேசி போதுமானதாயிற்று. பயன் தராத மருந்தென்று இரண்டு தலைமுறைக்கு முன்பே தெரிந்துவிட்ட ஒன்றை அதே குப்பியிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

ஜனவரி 25ஆம் நாளைக் கட்சிகள் ஆண்டுதோறும் மொழிப்போர்த் தியாகிகள் நாளாகக் கடைப்பிடித்துவருவதால், மாண்டவர்களின் பெயர்கள் மேடைகளில் நிலைத்துவிட்டன. மற்ற வளாகங்கள் அன்று என்ன செய்தன என்பதற்கு மேடை இல்லை. அரசு ஆவணத்தில் இருப்பது வழக்கு எண்ணும் துப்பாக்கிச் சூட்டுக் கணக்கும். விடுதி காலியான அந்தப் பிற்பகலும், ஊருக்கு வந்து சேர்ந்தவன் வீட்டில் சொன்னதும் அவற்றில் அகப்படா. கல்லூரிகள் வெளியிட்ட ஆண்டு மலர்கள், விடுதியிலிருந்து வீட்டுக்குப் போன அஞ்சலட்டைகள், வகுப்பு நாள்குறிப்புகள் ஆகியவையே அதற்குச் சான்றாகத்தக்கவை. 1965இல் மாணவராக இருந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டியவர்கள். சங்கரன்கோவிலிலும் சுற்று ஊர்களிலும் பரணில் அத்தகைய மலரோ கடிதமோ வைத்திருப்போர், பழைய தாள் வாங்குபவரின் தராசுக்குப் போகுமுன் அதை அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ சேர்ப்பித்தல் வேண்டும்.